தேய்ந்ததும் தேய்த்ததும்

எங்கள் பித்தளை அண்டாக்கள் ஐந்தின் மதிப்பு இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தாறு ரூபாய் என்று அச்சிடப்பட்டிருந்த தாளைச் சித்தப்பா எங்கள் வீட்டு மேசைமேல் வைத்தார். தாளின் மேல் ஒரு பேனாவையும் வைத்தார். பேனாவின் மூடி ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. படித்துப் பார்க்க நேரம் தர நினைக்கிறவர் மூடியைக் கழற்றி வைப்பதில்லை.

அப்பா இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. அப்பாவும் அவருடைய தம்பியான சித்தப்பாவும் சேர்ந்து திருவண்ணாமலையில் பாத்திர வாடகைக் கடை நடத்தினார்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் பாத்திரம் போகும். ஆனால் கடையைத் தாங்கி நிறுத்தியது பௌர்ணமிதான். மாதந்தோறும் மலையைச் சுற்ற வருகிற கூட்டத்துக்குச் சோறு போடுகிற அன்னதானக் குழுக்கள் எங்களிடம்தான் அண்டாவும் கரண்டியும் எடுத்தன. கடை சரிபாதிப் பங்கு. அப்பாவின் பாதி அம்மாவுக்கு வந்திருந்தது. அந்தப் பாதிக்குக் கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிட்டுக் கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது சித்தப்பாவின் திட்டம். கடையை விரிவாக்க அவர் கேட்டிருந்த வங்கிக் கடன் அம்மாவின் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தது.

கடையை விட்டுக் கொடுப்பதில் அம்மாவுக்கு மறுப்பில்லை. அவர் கேட்டது அந்த ஐந்து அண்டாக்களை மட்டும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையை அவர் மாத வாடகைக்குப் பேசி வைத்திருந்தார். அலுமினியத்தில் சமைத்ததைத் தானம் செய்ய மாட்டோம் என்கிற குழுக்கள் சில உண்டு. அவர்களுக்குப் பித்தளையில் தானே சமைத்துக் கொடுப்பது அம்மாவின் எண்ணம். முன்பணம் கொடுக்க இரண்டு குழுக்கள் ஒப்புக்கொண்டும் இருந்தன. புதிதாக ஐந்து அண்டா வாங்க எங்களிடம் வழியில்லை. அண்டா வந்தால் அம்மாவுக்குக் கொட்டகை உண்டு. வராவிட்டால் யாரோ ஒருவருடைய உணவகத்தில் மாவாட்டப் போக வேண்டும்.

"இன்னா அண்ணி யோசிக்கிறீங்க? எல்லாம் ஆடிட்டர் ஆபீஸ்ல போட்ட கணக்கு. நான் ஒரு ரூபா கம்மி பண்ணல," என்றார் சித்தப்பா.

"அண்டா எங்க தம்பி வருது இதுல?"

"தோ, நாலாவது வரி. பித்தளைப் பாத்திரம், ரெண்டாயிரத்து நானூத்தி நாப்பத்தாறு. அதுல பாதி உங்களுது. ஆயிரத்து இருநூத்தி இருபத்து மூணு." சற்று நிறுத்தி, பெருந்தன்மையோடு சேர்த்தார்: "சில்லறை இன்னாத்துக்கு, முப்பதாவே தந்துடறேன்."

அந்த ஏழு ரூபாயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் பேராசை என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். அது மட்டும் பிச்சை.

"அண்டாவோட காது வளையம் வருமா தம்பி இந்தக் காசுக்கு?"

"வாங்கினப்ப வெல வேற அண்ணி. வருஷா வருஷம் தேய்மானம் போவும்ல? பதினஞ்சு வருஷம். எல்லாம் தேஞ்சு போச்சு."

"தேய்ச்சது நானு," என்றார் அம்மா. "புளியும் சாம்பலும் போட்டு ஒவ்வொரு தடவையும் தேய்ச்சது நானு. எங்க தேஞ்சுதுனு எனக்குத் தெரியாதா?"

சித்தப்பா சிரித்தார். அம்மாவின் பேச்சைக் கேட்டு அவர் எப்போதும் இப்படித்தான் சிரிப்பார், குழந்தை ஒன்று கடவுளைப் பற்றிக் கேள்வி கேட்டதைப் போல. "அது வேற தேய்க்கறது அண்ணி. இது கணக்குல போற தேய்மானம்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ தமிழ்தான படிக்கிற? தேய்மானம்னா இன்னானு உங்கம்மாவுக்கு எடுத்துச் சொல்லு."

நான் எதுவும் சொல்லவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பது என் பழக்கம். வீட்டில் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லைப் பற்றி நான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தது உண்மை. தேய்தல் தன்வினை, தேய்த்தல் பிறவினை. நிலா தேய்கிறது, செருப்பு தேய்கிறது. அங்கே செய்கிறவர் எவரும் இல்லை. பாத்திரத்தைத் தேய்க்கிறோம், சந்தனத்தைத் தேய்க்கிறோம். அங்கே ஒரு கை இருக்கிறது. தேய்மானம் தன்வினையிலிருந்து பிறந்த சொல். வருமானம், பெறுமானம் என்பவற்றைப் போல அதிலுள்ள மானமும் அளவைத்தான் குறிக்கிறது. யாருடைய கையும் படாமல், தானாக, அளவோடு குறைந்துபோனது என்பதே அதன் பொருள். பழி சுமத்த ஆள் இல்லாத சொல். சித்தப்பாவுக்கு அது பிடித்துப் போனதில் வியப்பில்லை.

அம்மா பேனாவை எடுத்தார். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மா கீழே கிடந்த மூடியைத் தேடி எடுத்துப் பேனாவில் பொருத்தி, அலமாரியில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை குடோனுக்கே வந்து போடறேன் தம்பி. ஒரு தடவ பாத்திரத்த எல்லாம் கண்ணால பாத்துட்டு."

அந்த அண்டாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஊர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். நிலக்கடலை நன்றாக விளைந்த ஓர் ஆண்டில் அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தக் கடலைப் பணத்தில் சீராக வாங்கியவை அவை. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்தும் அடங்கும். சிறியது எட்டுக் கிலோ, பெரியது இருபத்தாறு கிலோ. ஐந்தும் சேர்ந்து எண்பது. வாங்கிய கடையின் வாசலிலேயே பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தாராம். சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டாமல் எங்கள் பக்கத்தில் அனுப்ப மாட்டார்கள். சிறிய உளியை வைத்துச் சுத்தியலால் புள்ளி புள்ளியாகத் தட்டி, ஒவ்வோர் அண்டாவின் கழுத்திலும் அம்மாவின் பெயரை அவர் எழுதினார். ஐந்து எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் கூலி உண்டு என்பதால் தலைப்பெழுத்தை விட்டுவிடச் சொன்னதாக அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது கடை தொடங்கப்பட்டது. முதல் சரக்கு இந்த ஐந்து அண்டாக்கள்தாம். கடையில் சுமை ஏற்றுகிறவர்கள் அவற்றை 'அண்ணி அண்டா' என்றே சொல்வார்கள். அலுமினியப் பாத்திரங்கள் பின்னால் வந்தன, வளைந்தன, ஓட்டையாயின, எடைக்குப் போயின. அண்ணி அண்டாக்கள் வாடகைக்குப் போய்த் திரும்பி வந்து, எங்கள் வீட்டு முற்றத்துக் குழாயடியில் புளி தேய்க்கப்பட்டு, மறுபடி வாடகைக்குப் போயின. ஆண்டுக்கு ஒருமுறை ஈயம் பூசக் கொடுப்பார்கள். அதைத் தவிர அவற்றுக்குச் செலவே இல்லை.

சித்தப்பா வந்துபோன மறுநாள், புதன்கிழமை, நான் வேங்கிக்காலுக்குப் போனேன். ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, கடையின் கணக்கை எழுதுகிற அலுவலகம் இருந்தது. கணக்காளர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்த பெண். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு நீங்க?" என்றார்.

சொன்னேன். தேய்மானம் எப்படிப் போட்டீர்கள் என்று தெரிய வேண்டும் என்றேன்.

"பதினஞ்சு பர்சன்ட். மீதியில."

"மீதியிலன்னா?"

"போன வருஷம் கழிச்சது போக மீதி எவ்ளோவோ, அதுல பதினஞ்சு. அடுத்த வருஷம் அந்த மீதியில பதினஞ்சு. இருபத்தெட்டாயிரத்துல ஆரம்பிச்சது, இப்ப இங்க வந்து நிக்குது."

"அப்போ எப்பவும் ஜீரோவே ஆகாதா?"

"ஆகாது. ஏதாவது ஒட்டிக்கிட்டே இருக்கும்."

"பித்தளை விலை ஏறிட்டுத்தானே இருக்கு?"

"ஏறட்டுமே. இது விலை இல்லங்க." பள்ளிக்கூடப் பெண்ணிடம் பேசுகிற சலிப்பு அவர் குரலில் இருந்தது. "ஒரு பொருளுக்குப் போட்ட காச அது உழைக்கிற வருஷத்துக்கெல்லாம் பிரிச்சு செலவா எழுதறோம். லாபம் கம்மியா தெரியும், டாக்ஸ் கம்மி ஆகும். அவ்ளோதான் தேய்மானம். கடைசியில நிக்கிற நம்பர் இன்னும் எழுதாத மிச்சச் செலவு. அந்த நம்பருக்கு யாரும் பொருள விக்கவும் மாட்டாங்க, வாங்கவும் மாட்டாங்க."

"எங்க சித்தப்பா வாங்கறாரே."

முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது அவர் சாமர்த்தியம்," என்றார்.

அங்கேயே நன்றி சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் பேசாதவர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்தும் இடம் அவர்களுக்குத் தெரிவதில்லை. "இருபத்தெட்டாயிரத்துக்கு வாங்கினதா எழுதியிருக்கீங்களே, பில் இருக்கா?" என்றேன்.

பழைய கோப்பை எடுத்துப் புரட்டினார். "பில் இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவங்க ஏத்தினது. கடைக்காரங்க சொன்னாங்க, ஏத்திட்டாங்க."

"அது வாங்கினதே இல்ல. எங்கம்மாவோட சீர். கழுத்துல பேர் வெட்டியிருக்கு."

"பேர் இருக்குதா?"

"அஞ்சுலயும்."

அவர் கோப்பைத் திறந்தபடியே மேசைமேல் வைத்தார். "அப்போ அது கடைச் சொத்தா வந்திருக்கவே கூடாது," என்றார். "ஆனா நான் ஒண்ணும் மாத்த முடியாதுங்க. பீஸ் கொடுக்கறவர் உங்க சித்தப்பா."

கோப்பு என் பக்கமாகத் திறந்திருந்தது. முதல் ஆண்டின் பட்டியலுக்குக் கீழே இரண்டு கையெழுத்துகள் இருந்தன. ஒன்று சித்தப்பாவுடையது. மற்றொன்றை நான் என் மதிப்பெண் அட்டைகளில் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அம்மாவின் அண்டா கடையின் அண்டாவாக எழுதப்பட்டபோது அப்பாவும் அங்கே இருந்திருக்கிறார். அம்மா முற்றத்தில் தேய்த்தார். அந்தத் தேய்மானத்தைக் காட்டி அண்ணனும் தம்பியும் பதினைந்து ஆண்டுகள் வரியைக் குறைத்துக்கொண்டார்கள். நான் பார்த்த அந்தக் கையெழுத்தைப் பற்றி அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அது கருணையா கோழைத்தனமா என்று தீர்மானிக்கவும் முடியவில்லை.

படியிறங்கி வரும்போது வென்றுவிட்டதாகவே நினைத்தேன். பேர் இருக்கிறது, பில் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பேருந்தில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் குடோனுக்குப் போனோம். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. வாசலில் டெம்போ ஒன்று நின்றது. அதை அம்மா தன் கணக்கில் பேசி வரவழைத்திருந்தார். சித்தி மேசையில் வாடகை நோட்டோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க அக்கா," என்று சொல்லிவிட்டு நோட்டைப் பார்த்தார். சுமை ஏற்றுகிறவர் ஒருவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அண்ணி, ஒங்க அண்டாவ வந்து பாருங்க! புதுசா கல்யாணம் ஆன மாதிரி மின்னுது!"

மின்னின. ஐந்தும் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பட்டறையில் இயந்திரத்தால் மெருகேற்றப்பட்ட மஞ்சள் பளபளப்பு. நான் குனிந்து முதல் அண்டாவின் கழுத்தைப் பார்த்தேன். இரண்டாவதைப் பார்த்தேன். பெயர் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. அந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட இன்னும் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது.

"பௌர்ணமி வருதுல்ல அண்ணி," என்றார் சித்தப்பா. "அதான் பாலிஷ் போட்டேன்."

பதினைந்து ஆண்டுகளில் ஒருநாளும் போடாத பாலிஷ். பெயர் வெட்டியிருப்பது சித்தப்பாவுக்குத் தெரியாததல்ல, தினமும் பார்த்ததுதான். அது சாட்சியாகும் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. புதன்கிழமை நான் அதைச் சொல்லும்வரை யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. கணக்காளர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. பீஸ் கொடுக்கிறவர் யாரென்று அவர் என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன், அதையும் எதிராளியின் அலுவலகத்தில் போய்த் திறந்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பாவையும் பார்க்கவில்லை. நான்காவது அண்டாவை நிமிர்த்தி வைத்து, கையை உள்ளே விட்டு, கழுத்தின் உட்புறத்தைத் தடவினார். அதைத் தேய்க்கும்போது அவர் கை எப்படிப் போகுமோ அப்படியே போனது. ஓரிடத்தில் நின்றது.

"இங்க கைய வை," என்றார் என்னிடம்.

வைத்தேன். விரலுக்கு அடியில் சின்னச் சின்ன மேடுகள். வெளியே உளி தட்டிய ஒவ்வொரு புள்ளியும் உள்ளே ஒரு குருணை அளவுக்குப் புடைத்திருந்தது. ஈயம் பூசியும் அது மறையவில்லை. பட்டறைக்காரர் வெளிப்புறத்தை மட்டும் தேய்த்திருக்கிறார். உள்ளே பெயர் இருப்பது பாத்திரம் தேய்க்கிறவருக்கு மட்டுமே தெரியும். இந்தக் குடும்பத்தில் அது ஒருவர்தான்.

கல்லூரியில் எங்களுக்குக் கல்வெட்டியல் ஒரு பாடம். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றிப் படி எடுக்கச் சொல்லித் தந்திருந்தார்கள். என்னிடம் மையும் இல்லை, தூரிகையும் இல்லை. பையிலிருந்த நோட்டில் மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்து, அண்டாவின் உட்கழுத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எழுத்துகள் வலமிடமாகத் திரும்பியிருந்தன. தாளைப் புரட்டி வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். அம்மாவின் பெயர் நேராக நின்றது.

"இன்னாது அது?" என்றார் சித்தப்பா.

"பேர்."

"அது ஒடுக்கு. வாடகைக்குப் போற அண்டாவுல ஒடுக்கு இருக்காதா?"

"ஒடுக்கு அஞ்சு எழுத்துல விழுமா சித்தப்பா?"

சுமை ஏற்றுகிறவர் சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டார். நான் மற்ற அண்டாக்களுக்குப் போனேன். மூன்றாவதில் வந்தது. இரண்டாவதில் ஓரெழுத்து மங்கலாக வந்தது. மிகச் சிறியதில் எல்லாவற்றையும்விடத் தெளிவாக வந்தது. நான்கு தாள்களையும் வாடகை நோட்டின் மேல் வரிசையாக வைத்தேன். சித்தி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரை நோக்கி, எரிச்சலோடு, எங்கள் எல்லாருடைய காதிலும் விழும்படி சொன்னார்:

"நான் அப்பவே சொன்னேன். இன்னொரு தடவ நல்லா தேய்க்கச் சொல்லுங்கனு."

சித்திக்குத் தான் சொன்னது என்னவென்று சொன்ன பிறகுதான் புரிந்தது. தேய்ந்துபோயிற்று என்றே மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேய்க்கச் சொன்னோம் என்று இப்போதுதான் ஒருவர் சொன்னார். ஒற்றெழுத்து ஒன்று கூடியதும் சொல்லுக்குள் ஓர் ஆள் வந்துவிட்டார்.

மிஞ்சியது பெரிய அண்டா. நூறு பேருக்கு ஒரே உலையில் சோறு வடிக்கிற அண்டா. நான் தாளை வைத்துத் தேய்த்தேன். தாள் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக வந்தது. இடத்தை மாற்றித் தேய்த்தேன். அம்மா தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அதன் தகடு மற்றவற்றைவிடத் தடிமன். உளியின் அடி அதில் மறுபுறம்வரை எட்டவில்லை. எதற்கு விலை மிக அதிகமோ அதற்குத்தான் சாட்சி இல்லை.

சித்தப்பா பெரிய அண்டாவைத் தட்டிக் காட்டினார். "பாத்தியா? இதுல ஒண்ணும் இல்ல. இது கடையோடது."

"சரி சித்தப்பா," என்றேன். தாளின் மூலையில் கணக்குப் போட்டேன். எண்பது கிலோவுக்கு இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தாறு என்றால் இருபத்தாறு கிலோவுக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து. டெம்போவுக்காக வைத்திருந்த பணத்திலிருந்து எண்ணூறு ரூபாயை எடுத்து மேசையில் வைத்தேன். "நீங்க போட்ட கணக்குப்படி இதுதான் இந்த அண்டாவோட மதிப்பு. பாதி எங்களுது, அதைக்கூட கழிச்சுக்கல. அஞ்சு ரூபா சில்லறை வேணாம்."

"வெளையாடறியா?" என்று கத்தினார். "இன்னிக்கு எடைக்குப் போட்டாகூட பத்தாயிரத்துக்குக் கம்மி வராது!"

அதைச் சொன்ன பிறகு அவரும் கேட்டார், தான் சொன்னதை. சுமை ஏற்றுகிறவர் இந்த முறை துண்டை வைத்துக்கொள்ளவில்லை. "அப்ப பேப்பர்ல தேஞ்சது எந்த அண்டா மொதலாளி?" என்று கேட்டேவிட்டார். "நீ போய் வேலையப் பாருடா," என்று விரட்டப்பட்டார். போனார், ஆனால் மெதுவாக.

நான் இன்னும் பேசத் தயாராக இருந்தேன். அன்றைக்கு என்னால் மாலைவரை பேச முடிந்திருக்கும். அம்மா என் தோளைத் தொட்டு, எண்ணூறு ரூபாயை எடுத்து என் கையில் திணித்தார். அவருக்கு வேண்டியது நியாயம் அல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பௌர்ணமிக்கு அடுப்பில் ஏற்ற அண்டா. முன்பணம் வாங்கியாயிற்று.

"நாலும் வண்டியில ஏறட்டும்," என்றார். "ஏறினாதான் கையெழுத்து."

"அண்ணி, உங்களுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்? பொண்ணக் கூட்டிட்டு வந்து ஆளுங்க முன்னாடி அசிங்கப்படுத்தறீங்க..."

"வங்கி அஞ்சு மணிக்கு மூடிடும் தம்பி."

சித்தி எழுந்தார். "குடுத்துத் தொலைங்க. நாலு ஓட்டைப் பாத்திரத்துக்கு ஊரக் கூட்டுறாங்க," என்றார். பாத்திரங்கள் ஓட்டையில்லை. ஆனால் அவர் சொன்னதும் அவை வண்டியேறின. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார்கள். வெளியே இருக்க வேண்டிய பெரியது இல்லாததால் நான்கும் வண்டியில் நிற்காமல் உருண்டன. கயிறு கட்ட வேண்டியிருந்தது.

தாளின் நாலாவது வரியை நான் அடித்துவிட்டு, 'பித்தளைப் பாத்திரம் ஒன்று' என்று என் கையால் எழுதினேன். மதிப்பு என்ற கட்டத்தில் எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து என்று எழுதியதைச் சித்தப்பா பார்த்தார், தாளை அம்மாவின் பக்கம் தள்ளினார். அம்மா தன் கைப்பையிலிருந்து அன்று மூடி பொருத்தி வைத்த அதே பேனாவை எடுத்து, மூடியைத் தானே கழற்றிக் கையெழுத்திட்டார். பேனாவை மேசையில் வைத்தார். வாசலுக்குப் போய்த் திரும்பினார்.

"பெரிய அண்டாவ நீயே வச்சிக்கோ," என்றார். "வருஷா வருஷம் தேய்ச்சிக்கோ."

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் சித்தப்பாவை அவர் 'நீங்க' என்று மட்டுமே அழைத்து நான் கேட்டிருக்கிறேன். அன்று குடோன் வாசலில் அந்த 'ங்க' விழுந்தது. பிறகு எழவில்லை. எழுவதற்கு வாய்ப்பும் இல்லை, அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

அடி அண்ணாமலையில் கொட்டகை நடக்கிறது. பெரிய அண்டா இல்லாததால் சோற்றை இரண்டு உலையாக வடிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பௌர்ணமியும் அம்மா அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாக அடுப்பு மூட்டுகிறார். இழந்ததன் அளவு எனக்கு இப்போது ரூபாயில் தெரிவதில்லை, அந்த ஒரு மணி நேரத்தில் தெரிகிறது. நான்கு அண்டாக்களிலும் மறுபடி பெயர் வெட்டலாம் என்று ஒருமுறை சொன்னேன். "வெளிய வெட்டினா தேய்ப்பாங்க. உள்ள இருக்கிறது இருக்கட்டும்," என்றார்.

சித்தப்பாவின் டெம்போ பௌர்ணமிதோறும் எங்கள் கொட்டகையைக் கடந்து போகும். பின்னால் பெரிய அண்டா நிற்கும். அம்மா அப்போது அடுப்பைப் பார்ப்பார். நான் அண்டாவைப் பார்ப்பேன், பிறகு ஓட்டுநர் பக்கத்து இருக்கையைப் பார்ப்பேன். அங்கே இருக்கும் சித்தப்பா பார்வையை விலக்கிக்கொள்ளும்வரை பார்ப்பேன்.

அந்த அண்டாவுக்கு இந்த ஆண்டும் பதினைந்து விழுக்காடு கழித்திருப்பார்கள். எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து இப்போது அறுநூற்றுச் சொச்சமாக ஆகியிருக்கும். அடுத்த ஆண்டு ஐந்நூற்றுச் சொச்சம். மீதியில்தான் கழிப்பார்கள் என்பதால் எத்தனை ஆண்டு போனாலும் அது முழுவதும் தீராது, ஏதாவது ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று அந்தக் கணக்காளர் சொன்னார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.